ஏழு பேர் சொன்ன தீர்ப்பும் ஒருவர் எழுதும் தீர்ப்பும்

கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றக் கூண்டில் நிற்கும் ஒருவருக்குத் தீர்ப்புக் கூற வேண்டியவர் யார்? சட்டம் கற்ற நீதிபதி ஒருவரா? அல்லது அவரைப் போலவே சம்பளத்திற்கு வேலை செய்து, பிள்ளை குட்டிகளோடு வாழும் பொதுமக்கள் சிலரா? இக்கேள்வியை எம்மிடம் எழுப்பியவர் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வாழ்நாள் முழுவதும் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். கோயில் தாழ்வாரத்தில் அமர்ந்து பேசிக் கொண்டிருந்த வேளையில், "அந்தக் காலத்தில ஏழு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுவாங்களேங்கய்யா, இப்ப ஏன் அது இல்லே? ஒருத்தர் மட்டும் சொன்னா அது நியாயமா இருக்குமா?" என்று அவர் கேட்டார். உடனிருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். ஏழு பேர் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்னரே நம் நாட்டில் ஜூரி முறை மறைந்துவிட்டது.

பெரியவரின் கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. எனவே சற்று விரிவாகவே காண்போம்.

ஜூரி என்பது யாது?

குற்ற வழக்கு ஒவ்வொன்றிலும் இரு வகைக் கேள்விகள் உள்ளன. நடந்தது என்ன என்பது ஒன்று. நடந்ததற்குச் சட்டம் என்ன கூறுகின்றது என்பது மற்றொன்று. ஜூரி முறையில் இரண்டாவது கேள்வி நீதிபதிக்கு உரியது. முதற் கேள்வியோ பொதுமக்களிடமிருந்து சீட்டெடுத்துத் தெரிந்தெடுக்கப்பட்ட ஜூரிகளுக்கு உரியது. சாட்சி சொல்பவர் மெய் சொல்கின்றாரா, பொய் சொல்கின்றாரா என்பதை அவர்களே எடை போட்டு, குற்றவாளி என்றோ குற்றவாளி அல்லர் என்றோ முடிவு கூறுவர். ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்பதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை.

சீட்டெடுப்பு என்றதும் நம்மவர்க்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வரக்கூடும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஓலை நறுக்குகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமளிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஜூரிச் சீட்டின் நோக்கமும் அதுவே. ஆனால் தோட்டத்துப் பஞ்சாயத்திற்கும் ஜூரிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பஞ்சாயத்தில் அமர்பவர்கள் இரு தரப்பாரையும் பல்லாண்டுகளாக அறிந்தவர்கள். ஜூரியில் அமர்பவரோ குற்றம் சாட்டப்பட்டவரை முன்பின் அறியாதவராக இருத்தல் வேண்டும்; அறிந்தவர் என்றால் விலக்கப்படுவார். அறிமுகம் பஞ்சாயத்திற்குப் பலம். அதுவே ஜூரிக்குக் குறை.

ஜூரிமார்கள் சுதந்திரமாக முடிவு கூறும் உரிமை இங்கிலாந்தில் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1670ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பென் என்பவர் மீது நடந்த வழக்கில், அவரைக் குற்றவாளி என்று கூற மறுத்த ஜூரிகளை, உணவும் நெருப்பும் இன்றி அறையில் பூட்டி வைத்தார்கள். அவர்கள் அப்போதும் மசியவில்லை. அபராதம் விதித்துச் சிறைக்கும் அனுப்பினார்கள். புஷல் என்ற ஜூரி அதை எதிர்த்து வழக்காடினார். அளித்த முடிவுக்காக ஜூரியைத் தண்டித்தல் ஆகாது என்று தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார்.

மலாயாவில் இருவகை நீதி

ஆங்கிலேயர் தம் ஜூரி முறையைப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கொண்டு வந்தனர். இலங்கையில் 1811ஆம் ஆண்டிலேயே சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்னும் நீதியரசர் உள்நாட்டு மக்களும் ஜூரிகளாக அமர வழி செய்தார். மலாய் மாநிலங்களின் நிலை வேறு. அங்கே நீதிபதிக்குத் துணையாக அசெசர்கள் எனப்பட்ட இருவர் அமர்ந்தனர். அவர்கள் கருத்துக் கூறலாம். முடிவு நீதிபதியின் கையில்தான். 1911ஆம் ஆண்டு கோலாலம்பூரில் எத்தல் பிரவுட்லாக் என்ற ஆங்கில மாது, சுரங்க நிர்வாகி ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கு இம்முறையில்தான் நடந்தது. அவருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்ததும், ஜூரி இன்றி ஓர் ஆங்கிலேயப் பெண்ணைத் தண்டிப்பதா என்று இங்குள்ள ஐரோப்பியர் கொதித்தெழுந்தனர். இறுதியில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். அதே மாநிலங்களில் அதே முறையில் தண்டனை பெற்ற கூலிகளுக்காக இத்தகைய கொதிப்பு எழுந்ததா என்று கேட்கத் தோன்றுகின்றது.

அசெசர் முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை உரசிப் பார்த்தவை அவசரகால வழக்குகள். அவற்றுள் ஒன்று நம் ஜோகூர் மாநிலத்தில் தோன்றி, காமன்வெல்த் நாடுகளின் சட்ட நூல்களிலெல்லாம் இடம் பெற்றுவிட்டது. அதன் நாயகர் ஓர் இளந்தமிழர்.

சாம்பசிவம் வழக்கு

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்தியவருக்கு மரண தண்டனை என அவசரகால விதிகள் வகுத்தன. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் நிகழ்ந்த ஒரு மோதலையடுத்துச் சாம்பசிவம் கைதானார். துப்பாக்கி ஏந்தியிருந்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. தோட்டாக்கள் வைத்திருந்தார் என்பது மற்றொன்று. அசெசர்கள் துணையுடன் நடந்த முதல் விசாரணையில், தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் மட்டும் அசெசர்களின் கருத்தை நீதிபதி ஏற்கவில்லை. எனவே அதற்கு மறு விசாரணை நடத்த ஆணையிடப்பட்டது.

1949ஆம் ஆண்டு ஜோகூர் பாரு உயர்நீதிமன்றத்தில், வேறு அசெசர்களின் முன்னிலையில் மறு விசாரணை நடந்தது. அவர் கொடுத்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம் ஒன்றை அரசு தரப்பு முன் வைத்தது. துப்பாக்கியும் தோட்டாக்களும் ஆகிய இரண்டுமே தம்மிடம் இருந்தன என்று அதில் காணப்பட்டது. தோட்டாக்களைப் பற்றிய குற்றச்சாட்டில் அவர் ஏற்கனவே விடுதலையானவர் என்னும் செய்தியோ புதிய அசெசர்களுக்குக் கூறப்படவில்லை. அவர் குற்றவாளி எனக் காணப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பெற்றார். கோலாலம்பூரில் செய்த மேல்முறையீடும் தோற்றது. எஞ்சியிருந்தது லண்டன் பிரிவி கவுன்சில் ஒன்றே.

1950ஆம் ஆண்டு அங்கே தீர்ப்பு எழுதியவர் மெக்டெர்மட் பிரபு. ஒருவர் ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுதலை செய்யப்பட்டால், அக்குற்றத்திற்காக அவரை மீண்டும் விசாரிக்கலாகாது என்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை; அந்த விடுதலைத் தீர்ப்பு அதே தரப்பாரிடையே பின்னர் நடக்கும் நடவடிக்கைகள் அனைத்திலும் கட்டுப்படுத்தும் என்று அவர் விளக்கினார். இதன் பொருளைக் கூர்ந்து நோக்குங்கள். சாம்பசிவம் தோட்டா வைத்திருக்கவில்லை என்பது நீதிமன்றமே முடிவு செய்துவிட்ட ஒன்று. அவ்வாறாயின், வைத்திருந்தேன் என்று கூறும் வாக்குமூலப் பகுதி சட்டத்தின் கண்ணில் உண்மையாக இருத்தல் இயலாது. பாதி பொய் என்று கொள்ள வேண்டிய ஒரு வாக்குமூலத்தின் மறுபாதியை மெய்யெனக் கொண்டு ஒருவரைத் தூக்கிலிடலாமா? அசெசர்கள் இதனை அறிந்திருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கவும் கூடுமன்றோ? தண்டனை நீக்கப்பட்டது. அவர் உயிர் தப்பினார்.

அந்த அசெசர்கள் கெட்டவர்கள் என்று நாம் கூறவில்லை. தமக்குக் காட்டப்பட்டதைக் கொண்டு அவர்கள் கருத்துக் கூறினர். காட்டப்படாதது எது என்பதை அவர்கள் அறிய வழியில்லை. தீர்ப்பு நாற்காலியில் எத்தனை பேர் அமர்ந்தாலும், அவர்கள் முன் வைக்கப்படுவது முழுமையாக இல்லையெனில் எண்ணிக்கையால் பயனில்லை. கோவலன் கதையும் இதுவே. பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் சொன்னதை மட்டும் கேட்டான், மறுதரப்பைக் கேட்கவில்லை. பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது கிடைத்த சான்று, கொலைக்கு முன்னரே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடிய சான்றுதான்.

1952இல் ஈப்போவில் நடந்த லீ மெங் வழக்கு வேறொரு குறையை வெளிக்காட்டியது. கையெறி குண்டு வைத்திருந்தார் என்று அந்த இளம் சீனப் பெண் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவருக்காக வாதாடியவர் ஈப்போவின் புகழ் பெற்ற தமிழ் வழக்கறிஞர் எஸ். பி. சீனிவாசகம். முதல் விசாரணையில் அசெசர்கள் இருவரும் ஆசியர்கள். இருவருமே குற்றவாளி அல்லர் என்றனர். நீதிபதி உடன்படவில்லை, மறு விசாரணைக்கு ஆணையிட்டார். இரண்டாம் விசாரணையில் ஓர் ஐரோப்பியரும் ஒரு சீனரும் அசெசர்களாக அமர்ந்தனர். ஐரோப்பியர் குற்றவாளி என்றார். சீனர் அல்லர் என்றார். நீதிபதி ஐரோப்பியரின் கருத்தை ஏற்று மரண தண்டனை விதித்தார். ஆக, நால்வரில் மூவர் விடுதலை என்று கூறியும் அப்பெண்ணுக்குத் தூக்கு! பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் கருணை மனுவில் கையொப்பமிட்டனர். 1953ஆம் ஆண்டு பேராக் சுல்தான் அத்தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். பொதுமக்களை அழைத்துக் கருத்துக் கேட்பதும், கேட்ட பின் அதை ஒதுக்குவதும் என்றால் அவர்களை அழைப்பானேன் என்ற கேள்வி அந்நாளிலேயே எழுந்தது.

ஏழு பேரின் காலம்

மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில் தீபகற்பத்தில் மரண தண்டனைக்குரிய வழக்குகளில் அசெசர்கள் போய் ஜூரிகள் வந்தனர். சபா, சரவாக் மாநிலங்களில் அசெசர் முறை தொடர்ந்தது. ஜூரிகள் எழுவர். எழுவரும் ஒருமித்தோ, குறைந்தது ஐவருக்கு இருவர் என்ற கணக்கிலோ முடிவு கூற வேண்டும். நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறு பக்கமுமாகப் பிரிந்து நின்றால் அது முடிவாகாது. அந்த ஜூரியைக் கலைத்துவிட்டு விசாரணையைத் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டும். பெரியவர் நினைவில் நின்ற ஏழு பேர் இவர்களே.

ஆனால் எல்லாக் கடுங்குற்றங்களும் ஏழு பேர் முன் வந்தன என்று எண்ணிவிடக் கூடாது. 1975ஆம் ஆண்டின் பாதுகாப்பு வழக்கு விதிகளின்படி, துப்பாக்கி போன்ற பாதுகாப்புக் குற்றங்களைத் தனி நீதிபதி ஒருவரே ஜூரியின்றி விசாரித்தார். அவ்விதிகள் இன்று நடைமுறையில் இல்லை.

இதற்கிடையே அண்டை அயலிலும் ஜூரி மறைந்து கொண்டிருந்தது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு பம்பாயில், கடற்படை அதிகாரி நானாவதி தம் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். பத்திரிகைகள் அவரை வீரராகவே வருணித்தன. ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்லர் என்றனர். அம்முடிவு சான்றுகளுக்கு ஒவ்வாதது என்று செஷன்ஸ் நீதிபதி வழக்கை உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அந்த ஒரு வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று பலர் கூறுவர். அது முற்றிலும் சரியன்று. மாநிலங்கள் பல அதற்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் கைவிட்டு வந்தன. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் எஞ்சியதையும் அகற்றியது. சிங்கப்பூர் 1969இல் சட்டமியற்றி ஒழித்தது. வழக்கறிஞராகிய திரு. லீ குவான் இயூ ஜூரி முறையை எதிர்த்தவர். அவரினும் பெயர் பெற்ற வழக்கறிஞர் திரு. டேவிட் மார்ஷல் அதனைக் காக்கப் போராடியவர். இருவருமே ஜூரிகளின் முன் வாதாடி வென்றவர்கள் என்பதுதான் வேடிக்கை! ஜூரிகளின் மனத்தை எவ்வளவு எளிதாக அசைக்கலாம் என்பதைக் கண்டு ஒருவர் அஞ்சினார். அரசின் பலத்திற்கு எதிரே தனி மனிதனுக்கு அதுவே அரண் என்று மற்றவர் கருதினார்.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, ஜூரி, அசெசர் ஆகிய இரு முறைகளும் ஒருங்கே நீக்கப்பட்டன. நாடே பரபரப்புடன் கவனித்த மோனா ஃபெண்டி வழக்கு, தெமர்லோ உயர்நீதிமன்றத்தில் ஏழு ஜூரிகளின் முன் நடந்த கடைசி வழக்குகளில் ஒன்றாகும். அத்தகைய ஆரவாரத்தின் நடுவே, செய்தித்தாள் படிக்காத, காப்பிக் கடைப் பேச்சைக் கேளாத எழுவரை எங்கே தேடுவது?

ஒருவர் தீர்ப்பில் காவல் எங்கே?

இப்போது பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒருவர் மட்டும் சொன்னால் நியாயமாக இருக்குமா?

ஜூரியின் முடிவு இரண்டொரு சொல்லில் அடங்கியது. உள்ளே என்ன பேசினார்கள், எந்தச் சாட்சியை நம்பினார்கள் என்பது வெளியே தெரியாது. நீதிபதியோ காரணங்களை எழுதியாக வேண்டும். எழுதியதை அப்பீல் நீதிமன்றம் வரி வரியாகப் படிக்கும். அதற்கு மேல் கூட்டரசு நீதிமன்றமும் படிக்கும். நீதிபதி ஒரு சாட்சியத்தை மறந்திருந்தால், தவறாகப் புரிந்திருந்தால் அது ஏட்டிலேயே தெரிந்துவிடும். இது பெரியதொரு காவல் என்றே நாம் கருதுகின்றோம். எனினும் இழப்பு இல்லாமலும் இல்லை. உழைக்கும் மக்களின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் தீர்ப்பு மேடையில் அமரும் வாய்ப்பு போய்விட்டது. அந்த வாய்ப்பும் ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலம் அறிந்தோர்க்கே பெரும்பாலும் கிட்டியது என்பதையும் மறத்தற்கில்லை. லயத்து வீட்டிலிருந்து ஜூரி நாற்காலிக்குச் சென்றவர் அரியர்.

நீதிபதி எவ்வாறு எடை போட வேண்டும் என்பதற்கும் வழிமுறை உண்டு. 1963ஆம் ஆண்டு மாட் என்பவரின் வழக்கில், பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியாக விளங்கிய துன் முகமது சுபியான் அதனைத் தெளிவாக வகுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் கூறும் விளக்கத்தை நம்பினால் விடுதலை செய்ய வேண்டும். நம்பவில்லை என்றாலும் உடனே தண்டித்துவிடக் கூடாது; அவ்விளக்கம் நியாயமான சந்தேகத்தை எழுப்புகின்றதா என்று மேலும் ஆராய வேண்டும். எழுப்பினால் அப்போதும் விடுதலைதான். சந்தேகம் சிறிதும் எழாத போதே தண்டனை. குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசு தரப்பின் மீதே எப்போதும் உள்ளது. நான் குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் கடன் பொதுவாகக் கூண்டில் நிற்பவருக்கு இல்லை. போதைப் பொருள் சட்டம் போன்ற சிலவற்றில் மட்டும், சில உண்மைகள் மெய்ப்பிக்கப்பட்டால் எஞ்சியதைச் சட்டமே அனுமானித்துக் கொள்ளும். அங்கே மறுத்துரைக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் சாய்கின்றது. பிறர் கொடுத்த பொட்டலத்தைத் தெரியாமல் வாங்கி வைத்துக் கொள்ளும் இளைஞர்கள் இதனைத் தெரிந்திருத்தல் நலம்.

உயிர்த் தண்டனையைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டு ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டுள்ளது. மரண தண்டனை முற்றாகப் போய்விடவில்லை. அதனை விதிப்பதா, அல்லது முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியும் விதிப்பதா என்று நீதிபதி முடிவு செய்யலாம். ஏழு பேர் இருந்த காலத்தில் கொலைக் குற்றவாளி என்று அவர்கள் கூறிவிட்டால், நீதிபதிக்குத் தூக்கைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நியாயம் தொடங்கும் இடம்

வழக்கு உயர்நீதிமன்றத்தை அடையுமுன்பே, பெரும்பாலும் அதன் தலைவிதி முடிவாகிவிடுகின்றது என்பது எம் கருத்து. பாலோவிலோ ரெங்கத்திலோ ஒருவர் கைதானால், முதல் இருபத்து நான்கு மணி நேரமே அவருக்கு மிக முக்கியமானது. என்ன காரணத்திற்காகக் கைது என்று தெரிந்து கொள்ளவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாம் விதி உரிமை தருகின்றது. பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயின் மொத்தம் ஏழு நாள், அதற்கு மேற்பட்டதாயின் பதினான்கு நாள் என நடைமுறைச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. எங்கே இருக்கின்றேன் என்று வீட்டாருக்குச் சொல்லியனுப்பும் உரிமையும் உண்டு. வீட்டார் நிலையத்திற்கு ஓடி, என்ன கேட்பதென்று தெரியாமல் வாசலில் நின்று திரும்புவதைக் கண்டிருக்கின்றோம். கேட்க வேண்டியவை இரண்டு: எந்தக் குற்றத்திற்காக? எப்போது, எந்த மாஜிஸ்திரேட்டிடம்? வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத குடிமக்களுக்கு, 2012ஆம் ஆண்டு முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் கைது நிலையிலேயே வழக்கறிஞர் உதவி அளித்து வருகின்றது. சட்ட உதவித் துறையும் உள்ளது.

வாக்குமூலத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். சாம்பசிவத்தைத் தூக்குமேடை வரை கொண்டு சென்றது ஒரு வாக்குமூலமே. 2007ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின், குற்றம் சாட்டப்பட்டவர் போலீசாரிடம் கூறியதைப் பொதுவாக அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளுதல் இயலாது. தனிச் சட்டங்கள் சிலவற்றின் கீழ் நிலை வேறுபடலாம். தம்மைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்கு விடையளிக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. படித்துக் காட்டப்படாத, புரியாத தாளில் கையொப்பம் இட வேண்டியதில்லை.

விசாரணை தொடங்கியபின், சாட்சியம் எம்மொழியில் அளிக்கப்பட்டாலும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அம்மொழி விளங்காவிடில், திறந்த நீதிமன்றத்திலேயே அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துக் கூறுதல் வேண்டும். இது சலுகையன்று, சட்டம். கூண்டில் நிற்கும் நம்மவர் பலர், மரியாதை கருதியோ அச்சத்தாலோ, புரியாதவற்றிற்கும் தலையசைத்து விடுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் அதனைப் புரிந்ததாகவே எடுத்துக் கொள்வார். ஏட்டிலும் அவ்வாறே பதிவாகும். "எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று அவ்விடத்திலேயே கூறினால், நீதிபதி விசாரணையை நிறுத்திப் பெயர்க்கச் செய்வார். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அவர் இளைஞர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களாப்பா?" என்றார். இம்முறை அவர்கள் சிரிக்கவில்லை.